சுகர் இருப்பவர் சோறு சாப்பிடுவது எப்படி? அரிசி, சிறுதானியம், கோதுமைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சுகர் என்று தெரிந்த வாரமே பல வீடுகளில் நடப்பது இதுதான். மத்தியானச் சோறு அப்படியே இருக்கும், ராத்திரிக்கு மட்டும் சப்பாத்தி வந்துவிடும். பக்கத்து வீட்டுக்காரர் தினை நல்லது என்பார், உறவுக்காரர் கருப்பு கவுனி ஒரு கிலோ அனுப்பிவைப்பார். மூன்று மாதம் கழித்து, சராசரிச் சுகரைக் காட்டும் எச்பிஏ1சி ரத்தப் பரிசோதனை எடுத்துப் பார்த்தால் முன்பிருந்த இடத்திலேயே நிற்கும். "அரிசியையே விட்டுட்டேன் டாக்டர், அப்புறமும் குறையலையே" என்ற புலம்பல் அங்கேதான் தொடங்குகிறது.

எந்தத் தானியம் என்று கேட்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று: எவ்வளவு? முழுசாகவா, மாவாகவா? கூட என்ன? இவற்றுக்குப் பதில் சரியாக இருந்தால் அரிசியையும் சாப்பிடலாம். இல்லையென்றால் வரகு, சாமை, ஓட்ஸ் எதுவும் காப்பாற்றாது. இந்த வழிகாட்டி டைப் 2 நீரிழிவு உள்ள பெரியவர்களுக்கானது. கர்ப்பகால சுகருக்கும் டைப் 1-க்கும் கணக்கு வேறு.

முதல் படி: தட்டில் கை வைக்கும் முன் மாத்திரைச் சீட்டைப் பாருங்கள்

இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். கிளிமிபிரைடு, கிளிக்லசைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளோ இன்சுலினோ எடுப்பவர் திடீரென்று சோற்றைப் பாதியாக்கினால் சுகர் 70-க்குக் கீழே இறங்கிவிடலாம். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, திடீர்ப் பசி, பேச்சில் குழப்பம் எல்லாம் அதன் அடையாளம். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்கு இந்தப் பயம் மிகக் குறைவு. அதனால் சாப்பாட்டைக் குறைக்கப் போகிறேன் என்று டாக்டரிடம் முதலில் சொல்லிவிடுங்கள். மருந்தின் அளவையும் சேர்த்துக் குறைக்க வேண்டியிருக்கலாம்.

நம் ஊர் மருந்துச் சீட்டுகளில் அடிக்கடி வரும் இன்னொரு பெயர் வோக்லிபோஸ். சோற்றோடு சேர்த்துப் போடச் சொல்வார்கள். மாவுச்சத்தும் சர்க்கரையும் குடலில் உடைவதை இது தாமதப்படுத்துகிறது. இதைக் கிளிமிபிரைடோடு சேர்த்து எடுப்பவருக்கு லோ சுகர் வந்தால் வீட்டுச் சர்க்கரையோ மிட்டாயோ வேகமாக வேலை செய்யாது. குளுக்கோஸ் பவுடர்தான் வேண்டும்: 3 டீஸ்பூன் தண்ணீரில் கலக்கிக் கொடுத்துவிட்டு 15 நிமிடம் கழித்து மறுபடி சோதித்துப் பாருங்கள். மயங்கிக் கிடப்பவருக்கு வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும். ஒரு டப்பா குளுக்கோஸ் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் இருக்கட்டும்.

டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை எடுப்பவர்கள் தானியத்தை அடியோடு நிறுத்தும் டயட் பக்கம் டாக்டரைக் கேட்காமல் போகக் கூடாது. ரத்தத்தில் அமிலம் ஏறும் ஆபத்து உண்டு. சிறுநீரகம் நன்றாகவே பழுதடைந்தவர்களுக்கு முழுத் தானியத்திலும் பருப்பிலும் இருக்கும் பொட்டாசியம், பாஸ்பரஸ் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். அவர்களுக்கு வெள்ளைச் சோறே மேல் என்று டாக்டர் சொன்னால் அது தவறான ஆலோசனை இல்லை. அவர்கள் கீழே வருவதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இரண்டாம் படி: இப்போது எவ்வளவு சாப்பிடுகிறீர்கள் என்று எடை போட்டுப் பாருங்கள்

சமையலறைத் தராசு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். மற்ற எல்லாச் செலவையும் விட இது பிரயோஜனமானது. ஒரு வாரம் எதையும் மாற்றாமல், வழக்கமாகப் போடும் சோற்றைத் தட்டோடு வைத்து எடை பார்த்து, தட்டின் எடையைக் கழித்து எழுதுங்கள். "ரெண்டு கரண்டிதான் சாப்பிடறேன்" என்பவரின் கரண்டி எவ்வளவு பெரியது என்பது அன்றைக்குத் தெரிந்துவிடும்.

கணக்கு எளிது. வெந்த சாதம் 100 கிராமில் சுமார் 28 கிராம் மாவுச்சத்து. மத்தியானம் சாம்பாருக்கு ஒரு முறை, ரசத்துக்கு ஒரு முறை, மோருக்கு ஒரு முறை என்று மூன்று தடவை சோறு வாங்கினால் 350, 400 கிராம் சாதாரணமாகப் போய்விடும். அதாவது 100 கிராம் அளவுக்கு மாவுச்சத்து. இதில் உருளைக்கிழங்கு வறுவலையும் அப்பளத்தையும் இன்னும் சேர்க்கவில்லை. ஒரு வேளைக்கு 45 முதல் 60 கிராம் என்பது பலருக்கும் ஆரம்பமாகச் சொல்லப்படும் அளவு. உடல் எடை, வேலை, மருந்தைப் பொறுத்து மாறும். சோற்றில் மட்டும் சொன்னால் சுமார் 150 கிராம். அதில் 42 கிராம் வந்துவிடுகிறது, மீதி பருப்புக்கும் காய்க்கும் தயிருக்கும்.

சப்பாத்திக்கு மாறினவர்கள் இதையும் பார்த்துவிடுங்கள். 25 கிராம் மாவில் தட்டிய ஃபுல்காவில் சுமார் 16 கிராம் மாவுச்சத்து. ஆனால் வீட்டுச் சப்பாத்தி பலதும் 40 கிராம் மாவில் தட்டியது. ஒன்றுக்கு 25 கிராமைத் தாண்டுகிறது. மூன்று சப்பாத்தி, தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு குருமா என்றால் மொத்தம் 90-ஐத் தொடும். 150 கிராம் சோறு சாப்பிட்டுப் படுத்திருந்தால் அதில் பாதிதான்.

நடுத்தர அளவு இட்லி ஒன்றில் 10 முதல் 12 கிராம். வீட்டுத் தோசையில் 15 முதல் 20. மரவள்ளி, சேனை, சேப்பங்கிழங்கு, உருளைக்கிழங்கு எல்லாம் காய்கறிக் கணக்கில் வராது, சோற்றுக் கணக்கில்தான் வரும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) இண்டியாப் ஆய்வின் கணக்குப்படி இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவு இருக்கிறது. நாம் சாப்பிடும் கலோரியில் 60 சதவீதத்துக்கு மேல் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்பதையும் அதே ஆய்வு காட்டியது. அரிசி சாப்பிடும் தெற்கும் கோதுமை சாப்பிடும் வடக்கும் இதில் ஒன்றுதான்.

மூன்றாம் படி: தானியத்தைத் தேர்ந்தெடுங்கள்

அரிசியில் இருந்தே தொடங்கலாம். பச்சரிசியை விடப் புழுங்கலரிசி ஒரு படி மேல். நெல்லை உமியோடு ஊறவைத்து அவித்துக் காயவைக்கும்போது தவிட்டில் இருக்கும் பி வைட்டமின்களில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்குகிறது. மாவுச்சத்தும் வெந்து ஆறி இறுகுவதால் செரிமானம் கொஞ்சம் நிதானமாக நடக்கிறது. ஆனால் புழுங்கலரிசியையும் மில்லில் பளபளவென்று தீட்டிவிட்டால் தவிடு போய்விடும். ரேஷன் புழுங்கலரிசி குண்டாக இருக்கிறது என்று ஒதுக்கிவிட்டு, நைஸ் ரகம் வாங்கி இரண்டு மடங்கு சாப்பிடுவதில் லாபம் எதுவும் இல்லை.

ஒரு உணவு எவ்வளவு வேகமாகச் சுகரை ஏற்றும் என்று காட்டும் கிளைசெமிக் இண்டெக்ஸ் என்ற எண்ணை இப்போது பல பாக்கெட்டுகளில் அச்சடிக்கிறார்கள். 55 வரை குறைவு, 70-ம் அதற்கு மேலும் அதிகம். சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் 2012-இல் வெளியிட்ட ஆய்வில் 235 ரகங்களைப் பார்த்தார்கள். எண் 48-இல் தொடங்கி 92 வரை போனது. ஆக, "அரிசி" என்று பொதுவாகப் பேசுவதே சரியில்லை. ஆந்திராவிலும் ஒடிசாவிலும் நிறைய விளையும் சுவர்ணா அந்த ஆய்வில் குறைந்த பக்கம் வந்தது. சரி, குறைந்த எண் உள்ள அரிசி வாங்கினால் போதுமா? எண் என்பது வேகத்தை மட்டும் சொல்கிறது. 400 கிராம் சாப்பிட்டால் மெதுவாக ஏறினாலும் ஏறத்தான் செய்யும். சமைக்கும் விதத்தில் அந்த எண்ணும் மாறும்.

கைக்குத்தல் அரிசிக்கு நல்ல ஆதாரம் உண்டு. சென்னையில் எடை கூடியவர்களை வைத்து நடந்து, 2014-இல் வெளியான ஒரு ஆய்வில், வெள்ளை அரிசிக்குப் பதில் தீட்டாத அரிசி கொடுத்தபோது நாள் முழுதும் ரத்த சர்க்கரை ஏற்றம் சுமார் 20 சதவீதம் குறைந்தது. பருப்பு வகையும் சேர்த்தபோது இன்னும் கொஞ்சம் குறைந்தது. மெல்ல வேண்டியிருப்பதால் அளவும் தானாகக் குறையும். வீட்டில் எதிர்ப்பு வந்தால் வெள்ளை அரிசியோடு பாதிப் பாதி கலந்து தொடங்குங்கள். கைக்குத்தலை மட்டும் ஒரு மணி நேரம் முன்னதாக ஊறவைத்தால் இரண்டும் ஒன்றாக வேகும்.

மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம், பூங்கார், கருப்பு கவுனி பற்றி ஒரு வார்த்தை. நெல் ஜெயராமன் போன்றவர்கள் இந்த ரகங்களை மீட்டது பெரிய காரியம், அதில் சந்தேகமே இல்லை. நார்ச்சத்தும் நிறமிகளும் இவற்றில் கூடுதல். ஆனால் "சுகரை விரட்டும்" என்ற போர்டு கடைக்காரர் எழுதியது. மாவுச்சத்து இவற்றிலும் ஏறக்குறைய அதே அளவுதான். கவுனி அரிசியில் வெல்லம் போட்டுப் பொங்கல் வைத்தால் அது சர்க்கரைப் பொங்கல்தான்.

சிறுதானியத்துக்கு வருவோம். தீட்டிய வெள்ளை அரிசி 100 கிராமில் 78 கிராம் மாவுச்சத்து, நார்ச்சத்து 3 கிராமுக்குள். சாமையிலும் வரகிலும் மாவுச்சத்து 65, 66. நார்ச்சத்து 6 முதல் 8. கம்பில் மாவுச்சத்து 62, நார்ச்சத்து 11. கேழ்வரகில் 67-ம் 11-ம், கூடவே கால்சியம் 350 மில்லிகிராம் அளவில். வித்தியாசம் உண்மைதான், ஆனால் பாருங்கள், மாவுச்சத்தில் அது ஆறில் ஒரு பங்கு போலத்தான். "தினைதானே" என்று ஒன்றரை மடங்கு வாங்கிச் சாப்பிட்டால் லாபம் அங்கேயே கரைந்துவிடும்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. சாமை, தினை, வரகு, குதிரைவாலி எல்லாம் உமி நீக்கினால்தான் சாப்பிட முடியும். மில்லில் உமியோடு தவிட்டையும் தீட்டி எடுத்து வெள்ளை வெளேரென்று விற்கிறார்கள். கையில் கொஞ்சம் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். தீட்டாத சாமை மங்கலான பழுப்பில், லேசாகத் தவிடு ஒட்டினாற்போல இருக்கும். விரலில் தேய்த்தால் பிசுக்கு தெரியும். தீட்டியது பச்சரிசி நொய் மாதிரி வெள்ளையாக, வழவழப்பாக இருக்கும். அதை வாங்குவதற்குப் புழுங்கலரிசியே வாங்கலாம். தவிட்டில் எண்ணெய் இருப்பதால் தீட்டாத சிறுதானியம் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். அரை கிலோவுக்கு மேல் வாங்கி வைக்காதீர்கள்.

கம்பு, சோளம், கேழ்வரகு இந்தத் தொல்லையிலிருந்து தப்பித்தவை, பெரும்பாலும் முழுசாகவே வரும். ஆனால் கேழ்வரகு நம் வீட்டுக்கு மாவாகத்தான் வருகிறது. மாவு எவ்வளவு நைசோ அவ்வளவு வேகமாகச் சுகர் ஏறும். காலையில் ராகிக் கஞ்சி ஒரு டம்ளர் குடித்துவிட்டு ஏன் ஏறுகிறது என்று கேட்பவர்கள் ஏராளம். கஞ்சி மெல்ல வேண்டியதில்லை, இரைப்பையில் நிற்பதும் இல்லை. அதே கேழ்வரகை முருங்கைக்கீரை, வெங்காயம் போட்டு அடையாகத் தட்டி, கூட ஒரு முட்டையோ கடலைச் சட்னியோ வைத்தால் மீட்டரில் வேறு எண் வரும். களி என்றால் உருண்டை சின்னதாக, கீரைக் குழம்பு தாராளமாக.

ஓட்ஸில் உடனடி வகை வேண்டாம், தடிமனான வகையோ உடைத்த வகையோ வாங்குங்கள். சம்பா கோதுமை ரவை நல்லது. வெள்ளை ரவையும் சேமியாவும் மைதாவுக்குப் பக்கத்து வீடு. பல தானிய ஆட்டா பாக்கெட் வாங்கினால் பின்பக்கப் பொருள் பட்டியலைப் படியுங்கள். எடையில் அதிகமானது முதலில் வரும் என்பது விதி. முதல் பெயர் கோதுமை மாவு 90 சதவீதம் என்று இருந்தால், மிச்சப் பத்தில் எத்தனை தானியம் இருந்தால்தான் என்ன?

நான்காம் படி: சமையலில் செய்யக்கூடியவை

வடித்த சாதத்தில் சுகர் ஏறாது என்பது பாதி உண்மைகூட இல்லை. கஞ்சியோடு கொஞ்சம் மாவுச்சத்து போகிறது, அவ்வளவுதான். கூடவே பி வைட்டமினும் போகிறது. பிடித்திருந்தால் வடியுங்கள், அளவைக் கூட்டாதீர்கள். அதைவிட முக்கியம், சோறு குழையாமல் உதிரி உதிரியாக இருப்பது. குக்கரில் ஒரு விசில் கூடுதலாக வைத்துக் குழைந்த சாதத்தில் மாவுச்சத்து நன்றாக வெந்து விரிந்திருக்கும், சீக்கிரம் செரித்துவிடும். ரசம் சாதத்தைக் கரைத்துக் குடிக்கும் பழக்கத்துக்கும் இதே கதைதான்.

சோறு ஆறினால் மாவுச்சத்தில் ஒரு பகுதி செரிக்காத வகையாக மாறுகிறது. ஃபிரிட்ஜில் வைத்துச் சூடாக்கினாலும் அதில் ஓரளவு நிற்கும். பழைய சோற்றுக்கு இந்த நன்மை உண்டு, ஆனால் அளவில் சின்னது. பழைய சோறு என்பதால் இரண்டு கிண்ணம் சாப்பிடலாம் என்று ஆகாது. சோற்றை வெறுமனே வெளியே வைத்துவிட்டு மறுநாள் சூடாக்கிச் சாப்பிடுவது ஆபத்து. பேசில்லஸ் செரியஸ் என்ற கிருமி பெருகி விடும் நஞ்சு சூட்டில் அழியாது. சமைத்து ஒரு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குப் போய்விட வேண்டும்.

இட்லி மாவில் நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்பது பழைய அளவு. இரண்டரைக்கு ஒன்று வரை இட்லி நன்றாகவே வரும். என்னைக் கேட்டால் வாரத்தில் இரண்டு மூன்று நாள் இட்லி மாவையே மறந்துவிட்டு அடைக்குப் போகலாம்: புழுங்கலரிசி ஒரு பங்கு, கடலைப்பருப்பும் துவரம்பருப்பும் சேர்ந்து ஒன்றரை பங்கு, கொரகொரப்பாக அரைத்தது. பச்சைப்பயறு தோசை இன்னும் நல்லது.

ஐந்தாம் படி: தட்டில் வைக்கும் வரிசை

தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு புரதம், கால் பங்கு தானியம். படத்தில் பார்க்க எளிது, நம் சாப்பாட்டில் கொஞ்சம் வேலை இருக்கிறது. நமக்குப் பொரியல் என்றால் தட்டின் ஓரத்தில் இரண்டு ஸ்பூன். அதைக் கிண்ணம் நிறைய ஆக்க வேண்டும்: அவரை, கொத்தவரை, வெண்டை, புடலை, கோஸ், கீரை எதுவானாலும். ஒருவருக்கு 200 கிராம் காய் என்று வாங்கினால்தான் இது நடக்கும். சாம்பாரில் மிதக்கும் பருப்பைப் புரதக் கணக்கில் சேர்க்க முடியாது. கெட்டிக் கூட்டு, சுண்டல், தட்டைப்பயறு, மொச்சை, முட்டை, மீன், பனீர் என்று ஏதாவது ஒன்று தனியாக இருக்க வேண்டும்.

அப்புறம் வரிசை. காயையும் புரதத்தையும் முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றைக் கடைசியில் எடுத்தால், அதே சாப்பாட்டுக்கே சுகர் குறைவாக ஏறுகிறது என்பது சோதனைகளில் தெரிந்த விஷயம். காசு செலவில்லாத வழி. கூட்டும் பொரியலும் சுண்டலும் பாதி தீர்ந்த பிறகு சோறு போட்டுக்கொள்ளுங்கள். சாம்பார், ரசம், மோர் மூன்றும் வேண்டும் என்றால் 150 கிராமை முதலிலேயே மூன்று சிறு பங்காகப் பிரித்துத் தட்டில் வைத்துவிடுங்கள். பாத்திரத்தை மேஜைக்குக் கொண்டுவராமல் அடுப்படியிலேயே விட்டுவிட்டால் மறுசோறு பாதி குறையும்.

சாப்பிட்டதும் 10, 15 நிமிடம் நடங்கள். வேகம் தேவையில்லை. மொட்டைமாடியில் நடந்தாலும் போதும்.

ஆறாம் படி: மீட்டர் சொல்வதைக் கேளுங்கள்

ஒரே சோறு இரண்டு பேருக்கு இரண்டு விதமாக ஏறும். அதனால் மேலே சொன்ன எல்லாவற்றையும் உங்கள் விரலில்தான் சரிபார்க்க வேண்டும். சாப்பிடும் முன் ஒரு ஸ்ட்ரிப், முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து சரியாக 2 மணி நேரத்தில் ஒரு ஸ்ட்ரிப். பலர் சாப்பிட்டு முடித்ததிலிருந்து எண்ணுகிறார்கள், அது தவறு. கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்த பிறகு குத்துங்கள். மாம்பழம் நறுக்கிய விரலில் 50, 60 கூடக் காட்டினாலும் ஆச்சரியப்பட வேண்டாம்.

பொதுவான இலக்கு: சாப்பிடும் முன் 80 முதல் 130, சாப்பிட்ட பிறகு 180-க்குள். வயதானவர்களுக்கும் அடிக்கடி லோ சுகர் வருபவர்களுக்கும் டாக்டர் இதைத் தளர்த்துவார். சாப்பிடும் முன் 120, இரண்டு மணி நேரத்தில் 210 என்று வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் அதே சாப்பாட்டில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்: சோற்றை 50 கிராம் குறையுங்கள், அல்லது சுண்டல் சேருங்கள், அல்லது நடங்கள். மூன்றையும் ஒரே நாளில் செய்தால் எது உதவியது என்று தெரியாது. வீட்டு மீட்டரில் 15 சதவீதம் முன்னே பின்னே இருப்பது அனுமதிக்கப்பட்ட பிழைதான். 175-க்கும் 185-க்கும் இடையே சண்டை போடாதீர்கள். ஒரே சாப்பாட்டை மூன்று நான்கு தடவை பார்த்து முடிவுக்கு வாருங்கள்.

காலை வெறும் வயிற்றுச் சுகர் மட்டும் அதிகமாக நிற்கிறது என்றால் அதற்கு முந்தின ராத்திரிச் சோறு மட்டும் காரணமாக இருக்காது. விடியற்காலையில் கல்லீரல் தானாகவே குளுக்கோஸ் விடும். ராத்திரிச் சாப்பாட்டைப் பட்டினியாக்குவதால் அது தீராது, மருந்தைப் பற்றிப் பேச வேண்டிய இடம் அது. எச்பிஏ1சி மூன்று மாதத்துக்கு ஒரு முறை போதும். சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள் என்பதால் அதற்கு முன்னால் பார்த்துப் பெரிதாக எதுவும் தெரியாது.

பந்தி, பண்டிகை, விரதம்

கல்யாணப் பந்தியில் இலையில் முதலில் இனிப்பு வந்துவிடும். அதைத் தள்ளி வைத்துவிட்டுக் கூட்டு, பொரியல், பச்சடியில் தொடங்குங்கள். பாயசம் வேண்டும் என்றால் அரைக் கிண்ணம், அன்றைக்குச் சோறு ஒரே ஒரு கரண்டி, அப்பளத்தைத் தொடாமல். பிரியாணி நாளில் வெங்காயப் பச்சடியும் கறித்துண்டும் முன்னால், சோறு பின்னால். பிரெட் அல்வா வேண்டாம்.

ஏகாதசி, சஷ்டி, நோன்பு என்று நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருப்பவர்கள் ஒரு வாரம் முன்னதாகவே டாக்டரைப் பார்த்து அன்றைய மாத்திரை, ஊசி அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். விரதம் முடிக்கும்போது வெல்லம் போட்ட பொங்கலில் தொடங்காமல் சுண்டலில் தொடங்கலாம். விரத நாளில் 70-க்குக் கீழே இறங்கினால் அன்றைக்கு விரதத்தை முடித்துக்கொள்ள வேண்டியதுதான்.